இரண்டு தடவை பெலன்ஸ் செய்தும் 80ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. டயரை மாற்றுவதா?

கேட்டவர் சொல்லியிருப்பது: பழைய ஜப்பான் கார், அலோய் ரிம், வீல் பெலன்ஸ் (சில்லின் நிறை சுற்றிவரச் சீராகும்படி ஈயக்கட்டி ஒட்டுவது) இரண்டு முறை செய்தாயிற்று, நடுக்கம் போகவில்லை. கடைக்காரர் நாலு டயரையும் மாற்றச் சொல்கிறாராம்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நான் மாற்றிக் காசைக் கரைத்தவன், அதனால் சொல்கிறேன்.

எனக்கு மட்டக்களப்பு, ஓடுவது ஒரு டொயோட்டா அக்சியோ. ஊருக்குள் ஓடும்வரை இந்த வருத்தம் தெரியவே தெரியாது. கல்லடிப் பாலம் கடந்தால் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று கடையும் சனமுமாகத் தொடர்கிற ரோட்டில் 80க்கு எங்கே போவது? ஓட்டமாவடி தாண்டி, புணானைப் பக்க நேர் ரோட்டில் கைக்கு ஒரு கூச்சம் மாதிரி வரும். (சாதாரண ரோட்டில் காருக்கு 70தான் எல்லை, தெரியும்.) கொழும்புக்குப் போகும்போது குருநாகலில் அதிவேகப் பாதையில் ஏறிய பிறகுதான் விசயம் வெளித்தது. 85இல் தொடங்கி, 90இல் ஸ்டியரிங் சுளகு புடைக்கிற மாதிரி ஆடியது. 100ஐத் தொட்டதும் தணிந்துவிட்டது. ஆகா, தானாகச் சரியாகிவிட்டது என்று சந்தோசப்பட்டேன். சரியாகவில்லை.

அப்படித் தணிவதே ஒரு துப்பு. 175/65 15 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீற்றர் உருளும். 90 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 25 மீற்றர், அதாவது சில்லு செக்கனுக்கு 13 தடவை சுற்றுகிறது. சில்லில் ஓரிடம் மேடாக இருந்தால் செக்கனுக்கு 13 உதை. சஸ்பென்ஷனில் தொங்கும் சில்லுக்கும் தானாகத் துள்ளும் தாளம் ஒன்று உண்டு, அதுவும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். இரண்டும் ஒத்துப்போகும் வேகத்தில் ஆட்டம் உச்சத்துக்குப் போகும், தாண்டினால் இறங்கும். ஆகவே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து போகும் நடுக்கம் என்றால் முதலில் சில்லைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகக் கழித்துவிடலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க். வேகம் கூட்ட மிதிக்கும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் சாஃப்டின் (சில்லைச் சுழற்றும் தண்டு) உள்மூட்டு. நின்ற இடத்தில் எஞ்சினை முறுக்கினாலே நடுங்கினால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட். நடுக்கம் ஸ்டியரிங்கில் என்றால் பெரும்பாலும் முன் சில்லு, ஆசனத்திலும் தரையிலும் என்றால் பின் சில்லு.

நான் இரண்டு இடத்தில் பெலன்ஸ் செய்தேன். இரண்டு மெஷினும் பூச்சியம் காட்டின. பிறகு நாலு புது டயர். ஆட்டம் அப்படியே. கடைசியில் ஊருக்குள் சின்னதாக டயர்க்கடை வைத்திருக்கும் ஒரு வயதானவரிடம் போனேன். சில்லைக் கழற்றிப் புரட்டி, உள்பக்கம் ஒட்டியிருந்த ஈயக்கட்டி வரிசையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மனே, மெஷின் நிறையைத்தான் பாக்கும், வட்டத்தைப் பாக்காது."

அவ்வளவுதான் விசயம். பெலன்ஸ் மெஷினில் சில்லு காற்றில் சுற்றுகிறது. கோணலான ரிம்முக்கும் ஈயத்தை அள்ளி ஒட்டினால் பூச்சியம் வரும். ரோட்டில் காரின் பாரம் ஏறியதும் அந்தக் கோணல் சுற்றுக்கு ஒருமுறை மேலே தள்ளும், ஈயத்தால் அதைத் தடுக்க முடியாது. வழமைக்கு மேல் ஈயம் கேட்கிற சில்லு இருந்தால் அங்கே நில்லுங்கள்.

என்னுடையது இடது முன் சில்லு. ரோட்டோரக் கிடங்கு முதலில் அதற்குத்தானே. மார்கழி மழையில், வெலிக்கந்தைக்கு இப்பால், தண்ணீர் நின்ற ஒரு கிடங்கில் 'டக்' என்று விழுந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெளிப்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. ரிம்மின் வெளிவிளிம்பை ஆரக்கால்கள் தாங்குகின்றன, உள்விளிம்புக்கு அந்தத் தாங்கல் இல்லை, அதனால் நெளிவது அங்கேதான். காருக்கு வெளியே குந்தியிருந்து பார்த்தால் தெரியாது.

வீட்டிலேயே பார்க்கலாம். சமதரையில் பின் சில்லுகளுக்குக் கல் வையுங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள், எஞ்சின் நிறுத்தி கியரை நியூட்ரலில் விடுங்கள். முன் சில்லை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுங்கள். செங்கல்லின் மேல் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து, அதன் முனை உள்விளிம்பைத் தொடாமல் தொட நிற்கும்படி செய்து, டோர்ச் அடித்துக்கொண்டு சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி மாறாவிட்டால் ரிம் நல்லது. ஒரு மில்லிமீற்றருக்கு மேல் கூடிக் குறைந்தால் அதை நம்பாதீர்கள். எனக்கு ஒரு தீக்குச்சித் தடிப்புக்கு ஆடியது. பிறகு முனையை டயரின் மேல்முகத்துக்குத் திருப்பி இன்னொரு சுற்று: ரிம் நேராக இருந்து டயர் மட்டும் துள்ளினால் குற்றம் டயரில். உங்கள் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் சரி.

இதையெல்லாம் செய்ய முன் ரிம்மின் உள்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வயல் சேறு உள்ளே காய்ந்து ஒட்டிக்கிடந்தாலே நடுங்கும், சிரிப்பாக இருக்கும், ஆனால் உண்மை.

ரிம் காரோடு வந்ததா, பிறகு போட்டதா என்றும் பாருங்கள். ஹொண்டா ஃபிட் ரிம் அக்சியோவுக்கு ஏறும், நாலு நட் ஓட்டையும் ஒரே இடைவெளி. ஆனால் நடு ஓட்டை ஃபிட்டுக்கு 56.1 மில்லிமீற்றர், சில்லு பூட்டுகிற டொயோட்டா ஹப்பின் நடு மேடு 54.1. இடையில் வளையம் போடாவிட்டால் சில்லு சரியாக நடுவில் உட்காராமல் போகலாம். நட்டின் இருக்கையும் வேறு: ஹொண்டாவின் சொந்த ரிம்முக்கு உருண்டை அடி நட்தான் வேண்டும்.

நெளிந்த ரிம்மை என்ன செய்வது? விளிம்பில் சிறு நெளிவு என்றால், வெடிப்பு இல்லையென்றால், ஹைட்ரோலிக் பிரஸ்ஸில் நிமிர்த்தலாம். காஸ் டோர்ச்சில் சிவக்கக் காய்ச்சிச் சுத்தியலால் அடிக்கிற இடத்தில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அலுமினியக் கலவைக்கு உறுதிக்காகச் சூட்டில் ஏற்றிய பதம் 200 பாகையைத் தாண்டும்போதே குலையத் தொடங்கும், அடுத்த கிடங்கில் ரிம் வெடிக்கலாம். வெடிப்பு இருந்தால் நிமிர்த்துவதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம், பழைய இரும்புக்குப் போடுங்கள். நான் பாவித்த ரிம் ஒன்று வாங்கினேன். காசு கொடுக்க முன்னர் மெஷினில் வெறும் ரிம்மை ஏற்றிச் சுற்றிக் காட்டச் சொன்னேன். முதல் காட்டியதும் கோணல், இரண்டாவதுதான் நேராக ஓடியது.

நீங்கள் நாளைக்கே செய்யக்கூடியது, காசில்லாத வேலை: முன் இரண்டையும் பின்னுக்கும், பின் இரண்டையும் முன்னுக்கும் மாற்றி, பக்கம் மாறாமல் பூட்டுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து ஆசனத்துக்குப் போனால் கள்ளன் அந்த இரண்டு சில்லில் ஒன்றுதான். எங்கே போனது என்று கீழே எழுதுங்கள், பார்ப்போம்.