கடனில் ஃப்ளாட்டா, சொந்த மாடியில் போர்ஷனா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்குச் சொந்தமாகத் தரைத்தள வீடு இருக்கிறது, கட்டி 18 வருடம். கையில் 12 லட்சம் சேர்ந்திருக்கிறது. வங்கியில் 28 லட்சம் கடன் வாங்கி, 40 லட்சத்தில் புது ஃப்ளாட் ஒன்றை வாங்கி வாடகைக்கு விடச் சொல்கிறார் மைத்துனர். மாதம் 12,000 வருமாம், தவணையை வாடகையே கட்டிவிடுமாம். சரிதானா?

பதில்: கட்டாது. 28 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் மாதத் தவணை 24,300 ரூபாய் வரும். வாடகை அதில் பாதி. மீதி உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். பத்திரச் செலவை மைத்துனர் சேர்க்கவே இல்லை. 50 லட்சத்துக்குள் புது ஃப்ளாட் என்றால் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம், அதாவது 2.4 லட்சம். கைமாறும் பழைய ஃப்ளாட்டுக்கு 9 சதவீதம்.

"வட்டிக்கு வரிச்சலுகை உண்டே" என்பார்கள். வாடகையில் வீட்டுவரியையும், அதற்குப் பிறகு 30 சதவீதத்தையும், கடன் வட்டியையும் கழிக்கலாம், உண்மைதான். ஆனால் முதல் வருட வட்டியே 2.3 லட்சத்தைத் தாண்டும், வாடகையோ 1.44 லட்சம். இந்த நஷ்டத்தைப் புதிய வரி முறையில் சம்பள வருமானத்தோடு ஈடுகட்ட முடியாது.

எனக்கென்னவோ உங்கள் தலைக்கு மேலேயே நல்ல முதலீடு காலியாகக் கிடப்பதாகத் தோன்றுகிறது. ஃப்ளாட்டில் காலப்போக்கில் விலை ஏறுவது, எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான நிலத்தில் உங்கள் பங்குக்கு வரும் பிரிக்கப்படாத மனைதான், கட்டடத்துக்கு வயதுதான் ஏறும். மனை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாடியில் 700 சதுர அடி போர்ஷன் போட, சதுர அடிக்கு 2,200 என்று வைத்தால் 15.4 லட்சம். வாடகை 8,000 என்று குறைத்தே போடுங்கள். வருடத்துக்கு 96,000, போட்ட பணத்தில் 6 சதவீதத்துக்கு மேல். அந்த ஃப்ளாட்டில் பத்திரச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றரைகூட வராது. பற்றாக்குறை மூன்றரை லட்சத்தை ஐந்து வருடக் கடனாக வாங்கினாலும் தவணை ஏழாயிரத்துச் சொச்சம். இங்கேதான் மைத்துனர் சொன்னதுபோல வாடகையே கடனை அடைக்கும்.

முதலில் ஒரு கட்டுமானப் பொறியாளரை அழைத்து அஸ்திவாரத்தையும் தூண்களையும் பார்க்கச் சொல்லுங்கள். மேஸ்திரி சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். நம் ஊர் உப்புக்காற்றில் சன்ஷேடு வெடித்துக் கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால், அதைச் சரிசெய்யாமல் மேலே ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். மாநகராட்சியில் வரைபட அனுமதி அவசியம். மாடிப்படி வெளிப்பக்கமாக, தனி மின் மீட்டரோடு இருக்கட்டும். சப்மீட்டர் வைத்துப் பில் பிரிக்கும் வீட்டில் மாதாமாதம் மனஸ்தாபம்தான்.

மாடிக்கு இன்னொரு சாதகம் உண்டு. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியபோது கடலூரில் தண்ணீர் எங்கெல்லாம் ஏறியது என்பது வாடகைக்கு வருகிறவர்களுக்கு மறக்கவில்லை. மாடி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பிறகும் ஃப்ளாட்தான் வேண்டும் என்றால், தரகரை விட்டுவிட்டு அந்தத் தெரு டீக்கடைக்காரரிடம் அன்று தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று கேளுங்கள்.

குடிவைக்கும்போது 11 மாத ஒப்பந்தம் என்பதால் பதிவு தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகார அமைப்பில் பதியவும் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். அப்புறம், புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாங்கலாமா என்று யாராவது அடுத்த யோசனை சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தச் சட்டம் அங்கே செல்லாது, அவர்களுக்கு வாடகைச் சட்டம் தனி.