ஓடு சுமக்கும் அமீபா: கேள்வி பதில்

பீட் (முழுதும் மக்காத தாவரங்கள் படிந்த அடுக்கு) சதுப்புகளின் ஸ்பாக்னம் பாசியில் வாழும், ஓடு கொண்ட ஒற்றைச் செல் உயிர்களான அமீபாக்கள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அமீபாவுக்கு யார் ஓடு கட்டித் தருகிறார்கள்?

தானே கட்டிக்கொள்ளும். டிஃப்ளூஜியா என்ற வகை மணல்துகளைப் பொறுக்கி ஒட்டும். யூகிளைபா என்ற வகை சிலிக்கா தகடுகளை உடம்புக்குள்ளேயே செய்துகொள்ளும். நெபெலா என்ற வகை அந்த யூகிளைபாவைத் தின்றுவிட்டு, அதன் தகடுகளையே தன் ஓட்டில் பதிக்கும். சுத்தத் திருட்டு!

மூளையைத் தின்னும் அமீபா இதுதானே மேடம்?

இல்லை. அது நெக்லேரியா, அதற்கு ஓடு கிடையாது, உறவிலும் வெகு தூரம்.

புதுச் சிற்றினம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

பாசியைத் தண்ணீரில் பிழிந்து, சலித்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு செல்லாக மெல்லிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுப்போம். கை நடுங்கினால் போச்சு. படம் எடுத்து, அளந்து, அப்புறம் அதே செல்லின் டி.என்.ஏ.வைப் படிப்போம். நெபெலா கொலாரிஸ் என்று காலம்காலமாக ஒரே பெயரில் எண்ணிவந்த கூட்டத்துக்குள் எட்டுச் சிற்றினங்கள் இருப்பது இப்படித்தான் தெரிந்தது. எட்டில் ஒன்று, சுவிட்சர்லாந்தின் மேட்டுச் சதுப்பு ஒன்றிலிருந்து 2015இல் விவரிக்கப்பட்ட நெபெலா கிம்லி. குட்டையாகத் தடியாக இருந்ததால் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் வரும் கிம்லி என்ற குள்ளவீரனின் பெயர்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஒற்றை ஓட்டின் அளவை வைத்துப் பெயர் சூட்டாதீர்கள். ஒரே சிற்றினத்துக்குள்ளேயே அளவு மாறும்.

எங்கள் குளத்து நீரில் ஒரு ஓடு கிடைத்தது. புதுசா?

ஒற்றை ஓடு. மேலே படியுங்கள்.

டி.என்.ஏ.வில் மட்டும் தெரியும் வித்தியாசத்துக்கெல்லாம் பெயர் வைத்தால், பீட் அடுக்குகளில் பழைய ஓடுகளை எண்ணி அந்தக்கால நீர்மட்டத்தைக் கணிக்கும் நாங்கள் என்ன செய்வது?

நியாயமான கோபம். ஆயிரக்கணக்கான வருடம் பழைய வெற்று ஓட்டில் உங்களுக்கு வடிவம்தான் கதி. ஆனால் ஹயலோஸ்பீனியா பாபிலியோ என்ற இன்னொரு ஓடுள்ள அமீபாவைப் பாருங்கள். 2013 ஆய்வில் அதற்குள் டி.என்.ஏ.வில் வேறுபடும் 12 மரபுக் கிளைகள் வந்தன. எல்லாம் எல்லா இடத்திலும் இல்லை. ஒரே பெயரில் அடைத்தால் இது எப்படித் தெரியும்?

அந்தப் பன்னிரண்டையும் எண்ணுகிறவர் பிரித்துக் காட்டட்டுமே!

முடியாதுதான். அதனால் நீங்கள் பாபிலியோ என்றே எண்ணுங்கள், தவறில்லை. நான் பிரிப்பதை மட்டும் மோசடி என்று சொல்லாதீர்கள். கிம்லி விஷயத்தில் ஓட்டின் வடிவமும் வேறு, டி.என்.ஏ.வும் வேறு, அதிலுமா சந்தேகம்?

சுவிஸ் போகிறேன், கொஞ்சம் பாசி பிடுங்கி வரலாமா?

கூடாது. சதுப்புகளைக் காக்கக் கோரி நடந்த 1987 மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு அங்கே முக்கியமான சதுப்புகளுக்கு அரசியல் சட்டமே காவல். அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

மேடம், மூளை அமீபா...

நெக்லேரியா. மருத்துவரைக் கேளுங்கள்.