15,000 வெள்ளிக்கு வேகம் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 46, எடை 78 கிலோ. ஞாயிறுதோறும் ஒரு சைக்கிள் குழுவோடு கோம்பாக் பழைய சாலையில் கெந்திங் செம்பா வரை ஏறுகிறேன். என்னுடையது 10 கிலோ அலுமினிய வண்டி, 23 மில்லிமீட்டர் டயர், 120 பிஎஸ்ஐ காற்று, கைப்பிடியில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் கேலிதான். கார்பன் வண்டி வாங்கு, கண்ணாடியைக் கழற்று, கால் முடியை மழி, வாராவாரம் மூச்சு முட்ட மிதி என்கிறார்கள். மெத்தை வைத்த கால்சட்டைக்குள் உள்ளாடை போடுவதற்கும் சிரிக்கிறார்கள். (தொடை இடுக்கில் புண் வருவது உண்மை.) 15,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள் என்று மனைவி தடுக்கிறார். வாங்கலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: வேண்டாம். கணக்கும் உங்கள் மனைவியின் பக்கம்தான் பேசுகிறது.

நீங்களும் வண்டியும் சேர்ந்து 88 கிலோ. புது வண்டியில் 2 கிலோ குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஏற்றத்தில் ஆகும் நேரம் ஏறத்தாழ மொத்த எடையைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் ஏறுகிறவருக்கு மிச்சமாவது ஒன்றரை நிமிடம்கூட இல்லை. சமதரையில் அதுவும் கிடைக்காது. அங்கே தடுப்பது காற்று. அந்தக் காற்றை வாங்குவதில் பெரும்பங்கு உங்கள் உடம்புக்குத்தான், வண்டிக்கு அல்ல. முழங்கையை மடித்துச் சற்றே குனிந்தால் காசில்லாமல் வேகம் கூடும். நம் மலேசியச் சைக்கிள் வீரர் அஸிசுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் அடுத்துத் தோக்கியோவில் வெள்ளியும் வென்ற கெய்ரின் என்னும் வட்டத்தட விரைவுப் பந்தயத்தில் மயிரிழையில் முடிவு மாறும். நீங்கள் ஒன்றரை நிமிடம் முன்னதாக மேலே போய் என்ன செய்யப்போகிறீர்கள்? மற்றவர்களுக்காகக் காத்திருக்கப்போகிறீர்கள்.

பணத்தை டயரில் போடுங்கள். கல்லாய் இறுகிய 23 டயர் வேகமாக ஓடுவதுபோல் தோன்றும். சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் கைக்கு வருவதால் உண்டாகும் மயக்கம் அது. மேடுபள்ளத்தில் டயர் அமுங்கிக் கொடுக்காவிட்டால் வண்டியும் ஆளும் சேர்ந்து துள்ளுகிறார்கள், மிதித்த பலம் அந்தத் துள்ளலில் வீணாகிறது. இன்று தொழில்முறை வீரர்களே 28-க்கும் அதைவிட அகலமான டயருக்கும் மாறிவிட்டார்கள். உங்கள் சட்டகத்தில் 28 உரசாமல் நுழைந்தால் அதைப் போட்டு, பின்சக்கரத்துக்கு 80 பிஎஸ்ஐ அளவிலும் முன்சக்கரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் காற்றடியுங்கள். நுழையாவிட்டால் 25 போதும். மழை பெய்த சாலையில் இறங்கும்போது இதன் அருமை தெரியும்.

மழை என்றதும் இன்னொன்று. பழைய அலுமினிய வண்டி என்பதால் சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்காகத்தான் இருக்கும். நனைந்து திரும்பிய நாளில் பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பு ரப்பரில் மணலும், பளபளக்கும் அலுமினியத் துணுக்குகளும் பதிந்திருக்கும். ஊசியால் நோண்டி எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அடுத்த முறை அரம்போல் விளிம்பை அராவும். கார்பன் பேசும் உங்கள் நண்பர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்களேன்.

கண்ணாடியைக் கழற்றவே கழற்றாதீர்கள். அது அழகைக் கெடுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வளைவில் பின்னால் லாரி வருவதை முன்கூட்டிக் காட்டுகிறதே, அந்த அழகு போதாதா? கால் முடி உங்கள் சொந்த விவகாரம். அதில் பத்திரிகைக்கு வேலை இல்லை.

அடுத்து நான் சொல்வது உங்கள் குழுவில் எடுபடாது. வாரத்தில் ஒரு நாள் நாக்குத் தள்ள மிதித்துவிட்டு ஆறு நாள் சும்மா இருப்பவர் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில்தான் நிற்பார். வார நாளில் இரண்டு விடியற்காலை, வேலைக்குப் போகுமுன் முக்கால் மணி நேரம், தித்திவங்சா ஏரிப் பக்கம் ஓட்டுங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். மெதுவாக ஓட்டத் தனித் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் எல்லாரும் முந்திப் போவார்கள். போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஏற்றத்தில் மட்டும் முயலுங்கள், அதுவும் ஒன்றுவிட்ட வாரம். இந்த வயதில் அப்படி முக்கி மிதிப்பதற்கு முன் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் குழு சொல்வது முழுக்கச் சரி: உள்ளாடை. அந்த மெத்தை தோலோடு ஒட்டியிருப்பதற்கென்றே தைக்கப்பட்டது. இடையில் பருத்தித் துணி வந்தால் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் தையல் ஈரத் தோலை அறுக்கும். உங்கள் புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். நல்ல கால்சட்டை இரண்டு வாங்கி, ஒவ்வொரு முறையும் துவைத்துக் காயவைத்துப் போடுங்கள். கீழே இறங்கியதும் அந்த ஈரத்தோடே மாமாக் கடையில் தே தாரிக்குடன் உட்கார்ந்துவிடாதீர்கள். உடையை மாற்றிக்கொண்டு போங்கள், ரொட்டி சானாய் எங்கும் ஓடிவிடாது.