வாசகர் கேள்வி – பதில்: துறைமுகத்து நச்சுச் சேறு

துறைமுகத்தில் தூர்வாருவது குறித்து வந்த கடிதங்களில், மாசடைந்த சேற்றைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கே: எங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் அள்ளும் சேறு கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை நாற்றத்தோடு வருகிறது. விஷச் சேறு என்பது இதுதானா? (நாகப்பட்டினம் வாசகர்)

ப: நிறத்தையும் நாற்றத்தையும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கறுப்புக்குக் காரணம் இரும்பு சல்ஃபைடு; நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. அடியில் ஆக்சிஜன் இல்லை என்பதைத்தான் இரண்டும் காட்டுகின்றன. மீன் கழிவும் சாக்கடையும் கலக்கும் எந்தத் துறைமுகத்திலும் இப்படித்தான் இருக்கும். மறுபக்கம், பிசிபி (பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த நச்சு ரசாயனம்), பாதரசம், சிப்பி ஒட்டாமலிருக்கக் கப்பல் அடிப்பாகப் பெயின்ட்டில் கலந்த டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் ஆகியவை நாற்றமே இல்லாத சாம்பல் சேற்றிலும் ஏராளமாக இருக்கலாம். (அந்த டிபிடி பெயின்ட்டுக்கான உலகளாவிய தடை ஒப்பந்தம் 2008-இல்தான் அமலுக்கு வந்தது. பழைய படகுச் சறுக்குத் தளங்களின் அடியில் பெயின்ட் செதில்கள் இன்னும் கிடக்கும்.)

மாதிரி எடுக்காமல் எதையும் சொல்ல முடியாது. மாதிரி எடுப்பதில்தான் பாதி வேலைகள் கெட்டுப்போகின்றன. கவ்வி போன்ற கிராப் கருவி மேலே உள்ள 10, 20 செ.மீ. சேற்றை மட்டுமே அள்ளும். ஆனால் தொழிற்சாலைக் கழிவு கட்டுப்பாடின்றி வந்த பழைய காலத்துச் சேறு அதற்குக் கீழே புதைந்திருக்கும். அதனால் அதிர்வுக் குழாயைச் செலுத்திக் கோர், அதாவது அடுக்கு கலையாத நீள உருளை மாதிரி, எடுக்க வேண்டும். தோண்டப்போகும் ஆழத்தோடு நிறுத்தாமல் இன்னும் அரை மீட்டராவது கீழே போங்கள். தோண்டி முடித்த பிறகு வெளியே தெரியப்போகும் புதுத் தரை அதுதான். மேல் சேற்றைவிட அது மோசமாக இருந்தால், கோடிக்கணக்கில் செலவழித்து மூடிக்கிடந்த விஷத்தைத் திறந்துவிட்டதாக ஆகிவிடும்.

கோரை 30 செ.மீ. துண்டுகளாகவோ, நிறமும் பதமும் மாறும் இடங்களிலோ வெட்டலாம். உலோகப் பரிசோதனைக்குப் பிளாஸ்டிக் டப்பா, எண்ணெய், பிசிபி போன்ற கரிமப் பொருட்களுக்குக் கண்ணாடிப் புட்டி. இரண்டும் ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் போக வேண்டும். 63 மைக்ரானுக்குக் கீழான நுண்துகள் எவ்வளவு, கரிமக் கார்பன் எவ்வளவு என்றும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். நஞ்சு ஒட்டிக்கொள்வது நுண்துகளிலும் கரிமத்திலும்தான். இந்த இரண்டு எண்களும் இல்லாத ஈய, துத்தநாக அறிக்கையை வைத்து ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட முடியாது.

மொத்த அளவு ஒரு கணக்கு, கலக்கினால் தண்ணீரில் எவ்வளவு இறங்கும் என்பது வேறு கணக்கு. இரண்டாவதற்கு ஒரு பங்கு சேற்றுக்கு நான்கு பங்கு அந்த இடத்துத் தண்ணீர் சேர்த்து, 30 நிமிடம் நன்றாகக் கலக்கி, ஒரு மணி நேரம் படியவிட்டு, மேல் தெளிவைச் சோதிப்பார்கள். செலவு குறைந்த சோதனை இது. ஆனாலும் டெண்டருக்கு முன்னால் இதைச் செய்பவர்கள் குறைவு.

கே: மாசுள்ள சேற்றுக்கு எந்த வகை டிரெட்ஜர் (தூர்வாரும் யந்திரம்) நல்லது? (கட்டுமானப் பொறியியல் மாணவி, தூத்துக்குடி)

ப: கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். அள்ளிய சேறு எங்கே போகப்போகிறது? அதைத் தீர்மானித்தால் யந்திரம் தானாக முடிவாகும்.

பார்ஜில் (தட்டையான சரக்குப் படகில்) ஏற்றித் தொலைவில் கொட்டுவதாக இருந்தால் கிராப் பக்கெட் சரி. அது சேற்றைக் கிட்டத்தட்ட இருந்த கெட்டியிலேயே தூக்கும். ஆனால் சாதாரணத் திறந்த பக்கெட் கூடாது. வாய் முழுதாக மூடும், அடியைத் தட்டையாக வெட்டும், மேலே காற்றுப் போக்கிகள் உள்ள மூடிய பக்கெட் வேண்டும். பற்கள் உள்ள வளைந்த பக்கெட் அடியில் பள்ளம் பள்ளமாகத் தோண்டும். இரண்டு பள்ளத்துக்கு நடுவே மேடாக நிற்கும் சேறு அப்படியே தங்கிவிடும். பக்கெட்டை மெதுவாக இறக்கி, மெதுவாகத் தூக்க வேண்டும், விளிம்புக்கு மேல் நிரப்பக் கூடாது. பார்ஜில் தேங்கும் தண்ணீரைக் கடலில் வழியவிடக் கூடாது. மணல் அள்ளும்போது அது வழக்கம், இங்கே அதுவே குற்றம்.

கரைக்குக் குழாயில் அனுப்புவதாக இருந்தால் உறிஞ்சும் டிரெட்ஜர். பக்கெட்டைப் போல நீர் முழுக்கச் சேற்றை இழுத்துக்கொண்டு மேலே வராது. பதிலாக ஏராளமாகத் தண்ணீரைச் சேர்த்து அனுப்பும். குழாய் முனையில் சேற்றை வெட்டும் கட்டர் வேகமாகச் சுழன்று, உறிஞ்சும் பம்பு அதற்கு ஈடுகொடுக்காவிட்டால், வெட்டிய சேறு குழாய்க்குள் போகாமல் பின்னால் கொட்டும்.

எந்த யந்திரமானாலும் எமன் குப்பைதான்: எஃகுக் கயிறு, டயர், நங்கூரச் சங்கிலி, பழைய வலை. பக்கெட்டின் வாயில் ஒரு கட்டை சிக்கினால் மூடாது, தூக்கும் வழியெல்லாம் சேறு ஒழுகும். கட்டரில் வலை சுற்றினால் அன்றைய வேலை நின்றது. முதலில் தனியாகக் குப்பை அள்ளும் சுற்று ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு கவனமாக அள்ளினாலும் ஒரு பங்கு தங்கும். கடைசிச் சுற்றில் அள்ள வேண்டிய மாசில் பெரும்பாலும் 2 முதல் 9 சதவீதம் வரை, தளர்ந்த மெல்லிய படலமாகப் புதுத் தரைமேல் படிகிறது. அடியில் பாறையோ கெட்டிக் களிமண்ணோ இருந்தால் இன்னும் தொல்லை. யந்திரத்தால் அதற்கு மேல் இறங்க முடியாது. திரும்பத் திரும்ப அள்ளுவதைவிட, 15 முதல் 30 செ.மீ. சுத்தமான மணலைப் பரப்பி முடிப்பதே புத்திசாலித்தனம். அந்த மணலுக்கான தொகையை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்; பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

கே: "ஆயிரம் கன மீட்டர் சேறுதானே" என்று சொல்லித் தொடங்கிய வேலையில், கரையில் சேற்றைத் தேக்கும் குளம் நிரம்பி வழிகிறது. கணக்கு எங்கே தப்பியது? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒப்பந்ததாரர்)

ப: தண்ணீரில். அடியில் கிடக்கும் மென்சேற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.3 டன் என்று வைத்துக்கொள்வோம். அதில் உலர்ந்த திடப்பொருள் ஏறத்தாழ 450 கிலோதான். உறிஞ்சு குழாயில் எடையில் 10 சதவீதம் திடப்பொருளாக வந்தால், உங்கள் 1,000 கன மீட்டர் சேறு சுமார் 4,100 கன மீட்டர் குழம்பாகக் கரைக்கு வந்து சேரும். அதை ஃபில்டர் பிரஸ்ஸில் 60 சதவீதத் திடப்பொருள் உள்ள கட்டியாகப் பிழிந்தால் கிடைப்பது 460 கன மீட்டர். மிச்சம் 3,600 கன மீட்டரும் தண்ணீர். நுண்துகளும் கரைந்த மாசும் கொண்ட அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் திருப்பி விட முடியாது. ஆக, உங்கள் வேலையின் பெயர் தூர்வாரல் என்றாலும், நீங்கள் நடத்துவது தண்ணீர்ச் சுத்திகரிப்பு ஆலை.

வரிசை இப்படி: முதலில் சல்லடை, குப்பை நீங்கும். அடுத்து சுழல் பிரிப்பான், 63 மைக்ரானுக்கு மேலான மணல் பிரியும். இதில் மாசு குறைவு என்பதால் தனியாகச் சோதித்துத் தனியாக ஒதுக்கினால் புதைக்கும் செலவு மிச்சம். மணல் போன நுண்சேற்றுக்குத் துகள்களைத் திரட்டும் பாலிமர் சேர்த்துப் பிரஸ்ஸுக்கோ, தண்ணீரை வடியவிட்டுச் சேற்றைப் பிடித்துக்கொள்ளும் ஜியோ டியூப் துணிப்பைக்கோ அனுப்ப வேண்டும். வெளிவரும் தண்ணீருக்கு மணல் வடிகட்டி, கடைசியாகச் செயலூட்டிய கரி.

பெரும்பாலும் பிசகுவது பாலிமரில். உப்புத் தண்ணீரில் வேலை செய்யும் பாலிமர் வேறு, நல்ல தண்ணீரில் வேறு. ஒரு பக்கெட் சேற்றில் முதலில் ஜார் சோதனை (குடுவைகளில் வெவ்வேறு அளவு கலந்து பார்ப்பது) செய்து அளவைப் பிடியுங்கள். குறைந்தால் துகள் திரளாது. கூடினால் பையின் துணிக்கண்கள் அடைபட்டு, பை நாள்கணக்கில் உப்பியே நிற்கும். மழை வந்து குழம்பின் அடர்த்தி மாறினால் அளவையும் மாற்ற வேண்டும். காலையில் வைத்த வால்வை மாலை வரை தொடாமல் விடும் தளங்களில்தான் பை கிழிகிறது.

பிழியாமல் சிமென்ட் கலந்து கெட்டியாக்கலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் சிமென்ட் சூடாகும், காரத்தன்மையும் ஏறும். சூட்டில் பாதரசமும் பிசிபியும் ஆவியாகக் கிளம்பலாம். காரம் மிகுந்தால் ஈயமும் துத்தநாகமும் மறுபடி கரையத் தொடங்கும். ஆகவே கலவை விகிதத்தைக் கெட்டியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், கசிவுச் சோதனையும் வேண்டும். இன்னொன்று, பார்ஜ் அறைக்குள் ஆளை இறக்குமுன் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு பாருங்கள். அதிக அளவில் இருந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது.

கே: ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பாதரசச் சேற்றை எப்படி அப்புறப்படுத்தினார்கள்? (எண்ணூர் வாசகர்)

ப: அப்புறப்படுத்தவில்லை என்பதுதான் சரியான பதில். அள்ளி, அதே விரிகுடாவின் ஒரு மூலையில் பூட்டி வைத்தார்கள்.

சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை வெளியேற்றிய கழிவால், வடிகால் வாய்க்கு அருகே 4 மீட்டர் வரை பாதரசச் சேறு தடித்துக் கிடந்தது. 25 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 25 பங்குக்கு) மேல் பாதரசம் உள்ள சேற்றை எடுப்பது என்று முடிவானது. இந்த எண் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஓதத்தின் ஏற்ற இறக்கம், சேற்றிலிருந்து பாதரசம் தண்ணீரில் கரையும் வேகம், பாதுகாப்புக் காரணி ஆகிய மூன்றையும் வைத்து ஜப்பானில் ஒரு சூத்திரமே இருக்கிறது. அடித்தரை மீன்களை அதிகம் பிடிக்கும் கடலானால் காரணி பெரிதாகும், வரம்பு இறுகும். ஆகவே "மினமாட்டாவில் 25, நமக்கும் 25" என்று எடுத்துக்கொள்வது தவறு.

வேலை 1977-இல் தொடங்கியது. சேறு கலங்கிப் பரவும் என்று பயந்த மக்கள் நீதிமன்றம் போனதால் அதே ஆண்டு நின்று, 1980-இல்தான் மறுபடி தொடங்கியது. முதலில் எஃகுத் தகடுகளை வட்ட வட்டமாக அடித்து, உள்ளே மண் நிரப்பித் தடுப்புச் சுவர் கட்டினார்கள். பிறகு, சுழலும் வெட்டுத்தலை இல்லாத உறிஞ்சு டிரெட்ஜரால் சேற்றை இழுத்துச் சுவருக்குள் விட்டார்கள். கட்டர் இல்லாவிட்டால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். கலங்குவதும் அந்த அளவு குறையும். நிரம்பியதும் மேலே செயற்கை இழை விரிப்பு, அதன்மேல் எடை குறைந்த எரிமலை மண், அதற்கும் மேல் மலை மண். கனமான மண்ணை நேராகக் கொட்டியிருந்தால் கூழ்ச்சேறு பிதுங்கி மேலே வந்திருக்கும். 1990-இல் முடிந்தபோது, அள்ளியும் இருந்த இடத்திலேயே மூடியும் கையாண்ட சேறு ஏறத்தாழ 15 லட்சம் கன மீட்டர், உருவான நிலம் 58 ஹெக்டேர், செலவு 4,850 கோடி யென். மாசுபட்ட மீன் வெளியே போகாமல் 1974-இல் விரிகுடா வாயில் கட்டிய வலையை 1997-இல்தான் அகற்றினார்கள்.

அந்த நிலம் இன்று பூங்கா. பாதரசம் அதன் அடியில் அப்படியே இருக்கிறது. கடல் நீரில் நிற்கும் எஃகுச் சுவர் அரிக்கும் என்பதால் கண்காணிப்புக்கு முடிவே கிடையாது. இப்படிப்பட்ட திட்டத்தை யாராவது கொண்டுவந்தால், சுவரைப் பராமரிக்கும் பணம் எந்தக் கணக்கில், எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள்.

கே: தொடாமல் அப்படியே விட்டுவிட்டால் என்ன? (காரைக்கால் வாசகர்)

ப: கப்பல் போகாத ஒதுக்குப்புறத்தில் நல்ல யோசனைதான். 30 முதல் 60 செ.மீ. மணல் போர்த்தி மூடுவது உண்டு. ஆனால் கப்பல் வந்து நிற்கும் பெர்த்துக்குப் பக்கத்தில் கூடாது. இழுவைக் கப்பலின் சுழல்விசிறி ஒரே வாரத்தில் மணலைக் கிளப்பிவிடும். ஆழமும் குறையும்.

நடுவழி ஒன்று, கடலடியிலேயே குழி வெட்டி, சேற்றை அதில் இறக்கி, மணலால் மூடுவது. பாஸ்டன் துறைமுகத்தில் 1990-களின் கடைசியில் கப்பல் தடத்தின் அடியிலேயே இப்படிக் குழிகள் வெட்டினார்கள். முதல் குழியில் சேறு இறுகுமுன் மணலைப் போட்டதால் மணல் சேற்றோடு கலந்தது. அடுத்தடுத்த குழிகளில் பல மாதம் காத்திருந்து மூடினார்கள்.

ராட்டர்டாம் செய்தது இன்னும் பெரிது. ஸ்லுஃப்டர் என்ற வட்டக் குழியை 1987-இல் திறந்தார்கள். கொள்ளளவு சுமார் 15 கோடி கன மீட்டர். கூடவே ரைன் ஆற்றின் மேல்பகுதியில் கழிவு விடும் ஆலைகளோடு பேசி, கழிவைக் குறைக்க ஒப்பந்தம் போட்டார்கள். வரும் சேறு சுத்தமானதால் குழி திட்டமிட்டதைவிட மெதுவாகவே நிரம்புகிறது.

கே: வேலை நடக்கும் இடத்தில் மஞ்சள் மிதவைத் திரை கட்டியிருக்கிறார்கள். அது போதுமா? (கடலூர் மீனவர் ஒருவர்)

ப: நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டினால் திரை படுத்துவிடும், சேறு அடிவழியே போய்விடும். தரை வரை தொங்கவிட்டாலும் தப்பு. ஓதம் இறங்கும்போது திரையின் கீழ்ப்பகுதி தரையில் இழுபட்டு அதுவே சேற்றைக் கிளப்பும். தரைக்கு மேல் அரை மீட்டராவது இடைவெளி வேண்டும். கரைந்த மாசையும் எண்ணெய்ப் படலத்தையும் திரை தடுக்காது; எண்ணெய்க்குத் தனி வேலி வேண்டும்.

திரையைவிட, கலங்கல் அளவியைப் பாருங்கள். ஆய்வக முடிவு வர நாளாகும், கலங்கல் அளவு அந்த நொடியே தெரியும். ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் ஒன்று, மேல்பக்கம் ஒப்பீட்டுக்கு ஒன்று. எத்தனை கூடினால் யந்திரத்தை நிறுத்துவது என்ற எண் எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். நிறுத்தும் அதிகாரம் ஒப்பந்ததாரர் கையில் இல்லாமல் வேறொருவரிடம் இருக்க வேண்டும்.

கே: தூர்வாரிய மண்ணை எங்கள் ஊர்ப் பள்ளத்தை நிரப்பக் கேட்கலாமா? (ராமேசுவரம் வாசகர்)

ப: பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். மாசு இல்லாவிட்டாலும் உப்பு இருக்கும், கிணற்றில் இறங்கும். சல்ஃபைடு நிறைந்த கறுப்புச் சேறு காற்றுப்பட்டுக் காய்ந்தால் அமிலமாகும். அதுவரை கட்டுண்டிருந்த காட்மியமும் துத்தநாகமும் மழையில் கரைந்து ஓடும். அள்ளிய அன்று எடுத்த சோதனையில் இது தெரியாது. சில வாரம் காற்றில் பரப்பிவைத்த மாதிரியின் பி.எச். அளவையும் கேட்டு வாங்குங்கள். அது 4-க்குப் பக்கத்தில் வந்தால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.