செயற்கைக்கோள் படம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை ஏ.ஐ. மென்பொருளில் கொடுத்து 10 மீட்டர் பிக்சலை 2.5 மீட்டர் ஆக்கினேன். வயல் வரப்புகூடத் தெரிகிறது. இதை வைத்துப் பரப்பளவு அளக்கலாமா?

பதில்: அளக்காதீர்கள். 10 மீட்டர் பிக்சல் என்பது 100 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரே ஓர் எண். அது 2.5 மீட்டர் ஆகும்போது 16 கட்டங்களாகப் பிரிகிறது. எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்பதை, முன்பு பழகிய படங்களைக் கொண்டு மென்பொருள் ஊகிக்கிறது. பழகியவற்றில் வரப்புகள் நேராக இருந்திருந்தால், உங்கள் வளைந்த வரப்பையும் நிமிர்த்திவிடும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். வெளிவந்த படத்தை 4-க்கு 4 கட்டங்களாகச் சராசரி எடுத்து, மறுபடி 10 மீட்டருக்குச் சுருக்குங்கள். அதிலிருந்து மூலப் படத்தைக் கழியுங்கள். மிச்சத்தில் சாலையோ வரப்போ கோடாகத் தெரிந்தால், அளந்த மதிப்பையே மென்பொருள் மாற்றியிருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் மதிப்புகள் கெடவில்லை, அவ்வளவுதான். வரப்பு அங்கேதான் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

உண்மையில் விவரம் கூட வேண்டுமென்றால் கூடுதல் அளவீடு வேண்டும். 2002-ல் ஏவப்பட்ட ஸ்பாட்-5 செயற்கைக்கோள் இப்படித்தான் செய்தது: அரைப் பிக்சல் தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு 5 மீட்டர் படங்களைக் கோத்து 2.5 மீட்டர் படம் தந்தது. ஒரே இடத்தை அடுத்தடுத்த நாட்களில் எடுத்த படங்களைச் சேர்ப்பதும் இதே வழிதான். இடையில் அறுவடை நடந்துவிட்டால் பயனில்லை.

கேள்வி: லேண்ட்சாட்-8 செயற்கைக்கோளின் 30 மீட்டர் வண்ணப் படத்தை, அதன் 15 மீட்டர் பான் பட்டையோடு (பல நிற ஒளியை ஒன்றாகப் பிடிக்கும் கறுப்பு-வெள்ளைப் படம்) பிரோவி முறையில் சேர்த்தேன். தாவரக் குறியீடு (என்டிவிஐ) மட்டும் கூர்மையாகவே இல்லையே?

பதில்: ஆகாது, கணக்கே அப்படி. பிரோவி முறை ஒரு பிக்சலின் எல்லாப் பட்டைகளையும் (ஒவ்வொரு நிற ஒளிக்கும் உள்ள தனிப் படம்) ஒரே காரணியால் பெருக்குகிறது. என்டிவிஐ ஒரு விகிதம்: அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. மேலேயும் கீழேயும் அந்தக் காரணி அடிபட்டுப் போகிறது. கையில் இருப்பது பெரிதாக்கிய 30 மீட்டர் குறியீடுதான்.

வேறு முறைக்கு மாறினாலும் சிக்கல் தீராது. பான் பட்டை பிடிப்பது 0.50 முதல் 0.68 மைக்ரோமீட்டர் வரையிலான ஒளி. அண்மை அகச்சிவப்பு அதற்கு வெளியே இருக்கிறது. செழித்த பயிர் அகச்சிவப்பில் பளிச்சென்றும் பானில் இருண்டும் விழும். பானின் விவரத்தை அகச்சிவப்பில் ஏற்றினால், மரத்தின் ஓரத்தில் இல்லாத கரை முளைக்கும். பான் சேர்த்த படத்தைப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்; குறியீட்டை 30 மீட்டரிலேயே கணக்கிடுங்கள்.

கேள்வி: 2022 தொடக்கத்திலிருந்து எங்கள் சென்டினல்-2 வரைபடத்தில் எல்லா வயல்களும் திடீரென வாடியதுபோல் காட்டுகின்றன. ஏன்?

பதில்: வயல்கள் வாடவில்லை. 2022 ஜனவரி 25 முதல் வந்த தயாரிப்பில் ஒவ்வொரு பிக்சல் எண்ணோடும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. சிவப்பு 500, அகச்சிவப்பு 3000 என்றால் குறியீடு 0.71. அதே வயல் புதிய கோப்பில் 1500, 4000 என்று வரும். கழிக்காமல் போட்டால் 0.45. 1000-ஐக் கழித்து 10000-ஆல் வகுங்கள். தேதியை மட்டும் நம்பாதீர்கள்: பழைய படங்களும் மறுசெயலாக்கத்தில் இதே கூட்டலோடு வருகின்றன, சில தளங்கள் முன்பே கழித்தும் தருகின்றன. கோப்போடு வரும் விவரப் பட்டியலில் கூட்டு எண் இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள்.

கேள்வி: மேகத்தை நீக்கும் 20 மீட்டர் வகைப்பாட்டுப் படத்தை 10 மீட்டருக்கு மாற்ற எந்த முறை?

பதில்: அருகமைப் பிக்சல் முறை மட்டும்; அது பக்கத்துப் பிக்சலின் எண்ணை அப்படியே எடுத்துவைக்கும். அந்தப் படத்திலுள்ள எண்கள் அளவுகள் அல்ல, பெயர்கள். 3 மேக நிழல், 9 அடர்ந்த மேகம். சராசரி எடுக்கும் முறையில் இவை இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் 6 விழும். 6 என்றால் நீர்நிலை. மேகத்தைச் சுற்றி மெல்லிய ஏரிகள் முளைத்திருந்தால், பிழை இதுதான்.