ஆய்வு மேசை: கேள்வி – பதில்

கேள்வி: பிஎச்.டி. சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கட்டுரைகளை இறக்கி இறக்கிக் கணினி நிறைந்துவிட்டது. எழுதியது ஒரு பக்கம்கூட இல்லை. ஆய்வு நெறியாளரைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.
– ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: இறக்குவதை இரண்டு வாரம் நிறுத்துங்கள். இருப்பதில் முக்கியமான பத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதுங்கள்: கேள்வி என்ன, தரவு எது, முறை என்ன, எதை விட்டுவிட்டார்கள். பக்க எண் கட்டாயம். கட்டுரைகளைச் சேமித்து அடுக்கி வைக்கும் ஸோட்டீரோ (Zotero) மென்பொருள் இலவசம், குறிப்பை அந்தக் கட்டுரையோடேயே சேர்த்து வைக்கலாம். பிறர் வாக்கியத்தை அப்படியே எடுத்தால் அந்த நிமிடமே மேற்கோள் குறி போடுங்கள். ஆறு மாதம் கழித்து அது உங்கள் வரியா, அவர்கள் வரியா என்று தெரியாது. கருத்துத் திருட்டுச் சோதனையில் பலர் மாட்டுவது இப்படித்தான். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல்.

தினமும் காலையில், மின்னஞ்சலைத் திறக்கும் முன், 45 நிமிடம் எழுதுங்கள். முன்னுரையில் தொடங்காதீர்கள், ஆய்வு முறை இயலில் தொடங்குங்கள். செய்ததைச் சொன்னால் போதும், கை ஓடும்.

நெறியாளரை இரு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். இரண்டு நாள் முன்பே ஒரு பக்கம் அனுப்புங்கள்: முடிந்தது, தடைபட்டது, அவரிடம் கேட்க வேண்டியது. பேசி முடித்த அன்றே முடிவுகளை மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்ற பேச்சு பின்னால் வராது. முடிக்காததை மறைத்து மாதக்கணக்கில் ஒதுங்குவதுதான் உண்மையில் ஆபத்து.

கேள்வி: எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும்?

பதில்: யுஜிசி 2022 விதிப்படி குறைந்தது 3, அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு தளர்வும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு.