நாரி நோவுக்கு உளவளத்துணை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. உரும்பிராயில் தோட்டம் செய்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன்னர் வெங்காய மூட்டை தூக்கும்போது நாரி பிடித்தது. அன்றிலிருந்து நோ முழுதாக விடவில்லை. எம்.ஆர்.ஐ ஸ்கானில் இரண்டு டிஸ்க் புடைத்திருப்பதாக எழுதியிருக்கிறது. சத்திரசிகிச்சை தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். இயன்மருத்துவத்துக்குப் போய்ச் சூடு பிடித்தார், பெல்ட் கட்டுகிறார், குளிசையும் போடுகிறார். குறையும், பிறகு திரும்ப வரும். இப்போது குனிவதற்கே பயப்படுகிறார். தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம். கடைசியாகப் போன கிளினிக்கில், இயன்மருத்துவத்தோடு சேர்த்து உளவளத்துணையாளரையும் பார்க்கும்படி துண்டு தந்தார்கள். "எனக்கென்ன விசரா? நோ நாரியிலதானே இருக்கு" என்று கோபித்துக்கொண்டு போகமாட்டேன் என்கிறார். கதைத்து நாரி நோ மாறுமா டொக்டர்?

– வாசகி, உரும்பிராய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வெறுமனே கதைத்தால் மாறாது. கதைப்பதும் உடம்பை அசைப்பதும் ஒன்றாக நடந்தால் நல்ல பலன் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. இதை விளக்கமாகச் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கணவருக்கு ஒரு வரியை வாசித்துக் காட்டுங்கள்: அவருடைய நோ உண்மையான நோ. துண்டு எழுதிக் கொடுத்த வைத்தியருக்கும் அதில் சந்தேகம் இருந்திருக்காது. சந்தேகம் இருந்திருந்தால் இயன்மருத்துவத்துக்கு ஏன் எழுதுகிறார்?

இன்னொன்றையும் முதலே கேட்டுவிடுகிறேன். சலம் போகாமல் அடைக்கிறதா, மலசலம் தன்பாட்டில் போகிறதா, இருக்கும்போது அமரும் பகுதி (தொடையிடுக்கு, ஆசனப் பகுதி) மரத்துப்போகிறதா, கால் பலமிழந்து இழுபடுகிறதா? இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, படுத்தாலும் இரவிரவாக விடாத நோ, முன்பு சயரோகமோ புற்றுநோயோ இருந்த சரித்திரம், இவையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. எனவே கீழே சொல்வது அவருக்குப் பொருந்தும் என்றே எழுதுகிறேன்.

அவரைப் பயமுறுத்தி வைத்திருப்பது அந்த ஸ்கான் அறிக்கை என்று நினைக்கிறேன். நாரி நோவே இல்லாத 3,110 பேரின் ஸ்கான்களைத் தொகுத்து 2015இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி இருக்கும் தட்டு) புடைப்பு இருந்தது. ஐம்பது வயதில் அது 60 வீதம். ஒரு நோவும் இல்லாமல் மண்வெட்டி பிடித்துக்கொண்டிருக்கும் உங்கள் பக்கத்துத் தோட்டக்காரரை ஸ்கான் எடுத்தாலும் இதே வசனம் அறிக்கையில் வரலாம். நரைமுடி வருவது எப்படி வயதோடு சேர்ந்ததோ, இந்தப் புடைப்பும் பெரும்பாலும் அப்படித்தான். சத்திரசிகிச்சை தேவையில்லை என்று வைத்தியர் சொன்னதை "இனி ஒன்றும் செய்யேலாது" என்று அவர் விளங்கிக்கொண்டாரோ தெரியாது. வெட்டித் திருத்த வேண்டிய பழுது எதுவும் அங்கே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

அப்படியானால் ஏன் இரண்டு வருடமாக நோகிறது? மூட்டை தூக்கிய அன்று தசையோ சவ்வோ நொந்திருக்கும். அது சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் நோ மூன்று மாதத்தைத் தாண்டி நீடிக்கும்போது, நோவைக் கடத்தும் நரம்புகளும் அதை உணரும் மூளையும் கூர்மையாகிவிடுகின்றன. கள்ளன் ஒருமுறை வந்துபோன வளவில் நாய் அதற்குப் பிறகு தபால்காரர் படலையைத் தொட்டாலும் குலைக்குமே, அப்படி. குலைப்பு உண்மை, கள்ளன் இல்லை. பழையபடி நோகுமோ என்று பயந்து அவர் நாரியை இறுக்கிப் பிடிக்கிறார், மூச்சையும் அடக்குகிறார், குனியாமல் முழங்காலை மடக்கிப் பலகை மாதிரி இறங்குகிறார். நாள் முழுக்க இறுகி நிற்கும் தசை தானாகவே நோகும். நொந்தால் பயம் கூடும், பயத்தால் அசைவு குறையும், அசையாத உடம்பு பலமிழக்கும், பலமிழந்த உடம்புக்குச் சின்ன வேலையும் நோவைக் கொடுக்கும். பயத்தால் அசைவைத் தவிர்க்கும் இந்தச் சுழலை விளான், லின்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000இல் விரிவாக எழுதினார்கள். நாட்பட்ட நாரி நோவை இன்று நாங்கள் பார்க்கும் விதத்தை அது நிறையவே மாற்றியது.

தேகப்பயிற்சி மட்டும் கொடுத்தால், பயந்த மனிதர் பயந்தபடியே பயிற்சி செய்வார். பல்லைக் கடித்துக்கொண்டு பத்துத் தரம் குனிந்து எழும்புவார். "பார், நொந்ததுதானே" என்று பயம் இன்னும் உறுதியாகும். பேச்சு மட்டும் கொடுத்தால், தலைக்கு விளங்கும், நாரிக்கு விளங்காது. வெறும் வாளியைக் குனிந்து தூக்கிப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பே கண்டறிய வேண்டும். பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதைத் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது: நாரி நோவுக்கு உளவியல் சிகிச்சை கொடுப்பதென்றால் பயிற்சியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும், தனியாக அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் நோய் பற்றிய விளக்கம், பயிற்சி, உளவியல் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. பெல்ட், நாரியை இழுத்துவைக்கும் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், கரன்ட் பிடித்தல் ஆகியவற்றை வழமையாகச் செய்ய வேண்டாம் என்கிறது.

அவுஸ்திரேலியாவில் பேர்த், சிட்னி நகரங்களில் 492 பேரை வைத்துச் செய்த பரிசோதனை 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நாட்பட்ட நாரி நோவால் அன்றாட வேலை தடைப்பட்டவர்கள் அவர்கள். கதைப்பதையும் அசைவையும் சேர்த்த சிகிச்சையை, அதற்கெனப் பயிற்சி பெற்ற இயன்மருத்துவர்களே கொடுத்தார்கள். நோயாளியின் கதையைக் கேட்பது, நோவை விளக்குவது, பயந்து தவிர்க்கும் அசைவைத் தளர்வாகச் செய்யப் பழக்குவது, பிறகு அதை வீட்டு வேலைக்குள் கொண்டுபோவது, எல்லாம் ஒருவரிடமே. மூன்று மாதத்துக்குள் ஏழு சந்திப்பு வரை, பிறகு ஒருமுறை. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாக இயங்கினார்கள், அந்த மாற்றம் ஒரு வருடத்தின் பின்னும் நின்றது. எல்லோருக்கும் நோ முற்றாக மாறியது என்று சொல்லமாட்டேன். சிலருக்கு மிச்சம் இருக்கும். ஆனால் மிச்ச நோவோடு தோட்டத்துக்குப் போவதும், அதே நோவோடு கதிரையில் இருப்பதும் வேறு வேறு வாழ்க்கை.

எங்கள் பக்கத்தில் இரண்டையும் ஒருவரே செய்வது அரிது. ஆகவேதான் இரண்டு இடத்துக்குத் துண்டு. பிழையில்லை. ஆனால் இருவரும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். இயன்மருத்துவர் "குனியாதேங்கோ" என்றும், உளவளத்துணையாளர் "பயப்படாதேங்கோ" என்றும் சொன்னால் மனிதர் எதை நம்புவது? என்ன இலக்கு என்பதை ஒரு கொப்பியில் எழுதி இருவரிடமும் காட்டச் சொல்லுங்கள். "நோ குறைய வேண்டும்" என்று எழுதாமல், "ஒரு பாத்திக்குப் புல்லுப் பிடுங்க வேண்டும்" என்பதுபோல எழுதினால், அவர் எவ்வளவு முன்னேறினார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தோட்டக்காரருக்கு இது எப்படி அமையும் என்று ஒரு மாதிரி சொல்கிறேன். இயன்மருத்துவர் அவருக்கேற்ப மாற்றுவார். முதலில் வாங்கில் இருந்தபடி மூச்சை ஆறுதலாக வெளியே விட்டுக்கொண்டே முன்னால் சாய்ந்து, கையை முழங்காலுக்கும் பிறகு கணுக்காலுக்கும் கொண்டுபோவது. வயிற்றை இறுக்கத் தேவையில்லை, தளர விடட்டும். அது பழகியதும் நின்றபடி குனிவது, பிறகு வெறும் வாளி, பிறகு கால்வாசித் தண்ணீரோடு வாளி. அப்புறம் வளவுக்குள் ஐந்து நிமிடம் புல்லுப் பிடுங்குவது, பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவது, கடைசியாக மண்வெட்டி. ஒவ்வொரு படிக்கும் முன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று உளவளத்துணையாளர் கேட்பார். "டிஸ்க் வெளியில வந்திடும்" என்பார். செய்த பிறகு என்ன நடந்தது என்று இருவரும் பார்ப்பார்கள். விசருக்கான சிகிச்சை எதுவும் இதில் இல்லை. ஒரு பயத்தை வேலை செய்தே சோதித்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

அளவு மிக முக்கியம். நோ குறைந்த நாளில் நாள் முழுக்க வேலை செய்து, அடுத்த மூன்று நாள் படுப்பதுதான் பெரும்பாலானோர் செய்வது. அளவைத் தீர்மானிக்க வேண்டியது மணிக்கூடு. மூன்று நாள் நடந்து பார்த்து, நோ கூடத் தொடங்கும் நேரத்தைக் குறிக்கட்டும். அது பதினைந்து நிமிடமென்றால் பன்னிரண்டில் தொடங்கட்டும். நல்ல நாளிலும் பன்னிரண்டு, கெட்ட நாளிலும் பன்னிரண்டு. கிழமைக்கு ஓரிரு நிமிடமாகக் கூட்டலாம். வெயில் ஏறமுதல் ஒழுங்கையில் நடந்தால் போதும்.

சகோதரி, இனி உங்களுக்கு. அவர் முகத்தைச் சுளித்ததும் வாளியை நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். அன்பால் செய்வதுதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் "உங்களால் ஏலாது" என்ற செய்தி அவருக்குப் போகிறது. நாளுக்குப் பத்துத்தரம் "நோகுதா?" என்று கேட்பதும் அப்படியே. நோவைப் பற்றிக் கேட்பதைக் குறைத்து, அவர் செய்து முடித்த வேலையைப் பற்றிக் கதையுங்கள். அவர் செய்யக்கூடிய வேலையை அவரிடமே விடுங்கள், மெதுவாகச் செய்தாலும் பரவாயில்லை. உளவளத்துணையாளரிடம் ஒருமுறை நீங்களும் சேர்ந்து போங்கள்.

நித்திரையையும் கவனியுங்கள். நித்திரை குழம்பினால் நோ தாங்கும் சக்தி குறைகிறது. தோட்டம் கையைவிட்டுப் போன கவலையில் அவர் இரவில் விழித்துக் கிடக்கிறாரா? அவருடைய வயதைப் பார்த்தால், 1995 ஒக்டோபரில் போரினால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது பதின்ம வயதில் இருந்திருப்பார். நாரி நோவுக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உடம்பு எப்போதும் விழிப்பாகவே இருக்கப் பழகிய ஒரு தலைமுறை எங்களுடையது, அந்த விழிப்பு நோவையும் கூட்டும். அவர் விரும்பினால் அதைக் கதைக்கவும் அங்கே இடம் உண்டு. சாப்பாட்டில் மனம் இல்லாமலோ, வாழ்க்கையில் பிடிப்பு இல்லாத மாதிரியோ கதைத்தால் தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு நீண்டகாலமாகவே இருக்கிறது.

பெல்ட்டை ஒரேநாளில் கழற்றி எறியச் சொல்லாதீர்கள், பயந்துபோவார். நடக்கும் நேரத்தில் முதலில் கழற்றட்டும், பிறகு கழற்றி வைக்கும் நேரத்தை மெல்ல மெல்லக் கூட்டட்டும். எண்ணெய் பூசி உருவினால் சுகமாக இருக்கிறதென்றால் செய்யட்டும், ஆனால் அந்தச் சுகத்தோடு படுக்காமல் பயிற்சியைச் செய்யட்டும். டைக்குளோபெனக் போன்ற குளிசைகளைப் பார்மசியில் தானாக வாங்கி மாதக்கணக்காகப் போட்டால் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. எவ்வளவு போடுகிறார் என்பதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம்.

கடைசியாக, இடையில் ஒருநாள் நோ நிச்சயம் கூடும். "எல்லாம் வீணாப் போச்சு" என்று அன்றைக்குத்தான் விட்டுவிடுவார்கள். பயிற்சிக்குப் பிறகு கொஞ்சம் கூடி, மறுநாளைக்குள் பழைய அளவுக்கு வந்தால் அது பிரச்சினையே இல்லை. அதற்கு மேல் கூடினால் இரண்டு நாளைக்கு அளவைப் பாதியாக்கட்டும், படுக்கையில் கிடக்காமல் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும், மூச்சுப் பயிற்சியைச் செய்யட்டும். மூன்றாம் நாள் பழைய அளவுக்குத் திரும்பலாம். ஒரு கிழமையாகியும் இறங்காவிட்டால், அல்லது நோ காலுக்குள் புதிதாக இறங்கினால், அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.